1946-இல் விட்டுப்போன பாதி

பூந்தமல்லி கோர்ட்டில் வக்கீல் குமாஸ்தாவாக இருந்தே எனக்குத் தலை நரைத்தது. விபத்து வழக்குக் கட்டு கைக்கு வந்தால், எஃப்.ஐ.ஆர். நகலுக்கு அடுத்து நான் தேடுவது மோதிய வண்டியின் இன்சூரன்ஸை. அது இருந்தால் எதிர்மனுதாரராகக் கம்பெனியைச் சேர்க்கலாம். அவார்டு ஆனதும் பணம் கோர்ட்டில் டெபாசிட் ஆகும். இல்லாவிட்டால் டிரைவரும் ஆர்.சி. ஓனரும்தான் மிச்சம்.

இது இன்று நேற்று வந்த சிக்கல் அல்ல. நம் ஊரில் மோட்டாரே ஓடாத 1855-இல் வந்த உயிரிழப்பு விபத்துச் சட்டத்தை வைத்துத்தான் நெடுங்காலம் வழக்குப் போட்டார்கள். 1939-இல் மோட்டார் வாகனச் சட்டம் பிறந்தது. மூன்றாம் நபர் காப்பீட்டைக் கட்டாயமாக்கிய அதன் எட்டாம் அத்தியாயம் 1946 ஜூலை 1 அன்றுதான் நடைமுறைக்கு வந்தது. பிரிட்டனின் 1930-ஆம் ஆண்டுச் சட்டமே அதற்கு முன்மாதிரி. அதே 1946-இல் பிரிட்டனின் காப்பீட்டுக் கம்பெனிகள் சேர்ந்து மோட்டார் இன்சூரர்ஸ் பீரோ என்ற பொது அமைப்பைத் தொடங்கின. இன்சூரன்ஸ் இல்லாத வண்டி மோதினாலும் அடிபட்டவருக்குப் பணம் கிடைக்க அது வழி செய்தது. சட்டத்தை எடுத்துக்கொண்ட நாம் அந்தப் பாதியை விட்டுவிட்டோம்.

1956-ஆம் ஆண்டுத் திருத்தத்தில் விபத்துத் தீர்ப்பாயங்களுக்கு வழி பிறந்தது. எங்கள் பகுதி உருமாறியதும் அந்தக் காலத்தில்தான். 1961-இல் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை வந்தது. அறுபதுகளில் அம்பத்தூர் எஸ்டேட் எழுந்தது. சரக்கு லாரியும், ஷிப்ட் முடிந்து சைக்கிளில் வீடு திரும்பும் தொழிலாளியும் ஒரே ரோட்டில் போனார்கள். 1982-இல், தவறு யாருடையது என்று பாராமல் சாவுக்கு 15,000 ரூபாய் ஈடு என்றார்கள். 1989 ஜூலை 1 முதல் இப்போதைய சட்டம் நடப்பில் இருக்கிறது.

இன்சூரன்ஸ் இல்லாத வழக்கில் ஓனர் பெரும்பாலும் கோர்ட்டுக்கு வருவதில்லை, எக்ஸ்பார்ட்டி ஆகிவிடுவார். தீர்ப்பு நமக்குச் சாதகமாக வரும், பணம் வராது. தீர்ப்பை நிறைவேற்றக் கோரும் மனு (இ.பி.) போட வேண்டும், அல்லது கலெக்டர் மூலம் நிலவரிப் பாக்கி போல வசூலிக்க வேண்டும். ஜப்தி செய்ய அவர் பெயரில் ஏதாவது இருந்தால்தானே? லேத் பட்டறையில் வேலை பார்த்த கணவரைப் பறிகொடுத்த ஓர் அம்மா, தீர்ப்பு நகலைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக்கொண்டு எங்கள் ஆபீசுக்கு வந்துகொண்டே இருந்தார். அவருக்குச் சொல்ல என்னிடம் பதில் இல்லை.

இன்னொரு பக்கமும் உண்டு. வண்டியை விற்கும்போது 29, 30 ஃபாரங்களில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டால் வண்டியோடு தன் பொறுப்பும் போய்விட்டதாகப் பலர் நினைக்கிறார்கள். கைமாறிக் கைமாறிப் போனாலும் பதிவேட்டில் யார் பெயரோ அவரே ஓனர் என்று 2018-இல் நவீன் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

அதே ஆண்டு வேறு இரண்டு நல்ல காரியங்களும் நடந்தன. கோயம்புத்தூர் எலும்பு மருத்துவர் எஸ். ராஜசேகரன் தொடுத்த பொதுநல வழக்கில், செப்டம்பர் 1 முதல் புதுக் காருக்கு 3 ஆண்டும் பைக்குக்கு 5 ஆண்டும் மூன்றாம் நபர் காப்பீடு எடுத்தாக வேண்டும் என்று உத்தரவானது. செப்டம்பரிலேயே உஷா தேவி வழக்கில், விபத்து செய்த, இன்சூரன்ஸ் இல்லாத வண்டியை ஓனரிடம் பிணை வாங்காமல் விடுவிக்கக்கூடாது, இல்லையேல் ஏலம் விட்டுப் பணத்தைத் தீர்ப்பாயத்தில் கட்ட வேண்டும் என்று மாநிலங்கள் விதி செய்யும்படி உச்ச நீதிமன்றம் சொன்னது.

ஆனாலும் ஓட்டை அடைபடவில்லை. மோதிவிட்டுத் தப்பிய, அடையாளம் தெரியாத வண்டியால் ஒருவர் இறந்தால் 2022 ஏப்ரல் முதல் 2 லட்சம் ரூபாய் கிடைக்கிறது. பிடிபட்ட வண்டிக்கு இன்சூரன்ஸ் இல்லையென்றால், அந்தக் குடும்பம் ஓனரின் சொத்தைத் தேடி அலைய வேண்டும். அரசு முதலில் நஷ்ட ஈட்டைக் கொடுத்துவிட்டு, பிறகு ஓனரிடம் வசூலித்துக்கொள்ளட்டும். 1946-இல் விட்ட பாதியை இப்போதாவது சேர்க்க வேண்டும்.

அதுவரை நம் கையில் இருப்பதைச் செய்வோம். 2022-இல் அறிவித்த விகிதப்படி 75-க்கு மேல் 150 சிசி வரையுள்ள பைக்குக்கு மூன்றாம் நபர் பிரீமியம் ஆண்டுக்கு 714 ரூபாய், வரி தனி. அதைக் கட்டுங்கள். வண்டியை விற்றால் ஆர்.சி.யில் பெயர் மாறியதைக் கண்ணால் பார்த்த பிறகு நிம்மதியாக இருங்கள். அடிபட்டவர் குடும்பமாக இருந்தால், 6 மாதத்துக்குள் மனுப் போடுங்கள். மோதிய வண்டிக்கு இன்சூரன்ஸ் இல்லையென்றால், அதை விடுவிப்பதற்குள் வக்கீலைப் பாருங்கள்.