பேர் அதே, சரக்கு வேறு

"முப்பது வருசமாக் குடிக்கிறேன், எனக்கு என்ன ஆயிடுச்சு?" கள்ளக்குறிச்சியில் எந்த டீக்கடையிலும் இப்படிக் கேட்க ஒரு பெரியவர் இருப்பார். கணக்கு வாத்தியாராக இருந்த எனக்கு அந்தக் கேள்விதான் நிகழ்தகவுப் பாடம். அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் அந்த முப்பது வருசம் எந்தச் சாராயத்துக்குச் சாட்சி?

பழைய சாராயம் வந்தது கள்ளக்குறிச்சிப் பக்கத்துக் கல்வராயன் மலையிலிருந்து. அதன் மேற்குச் சரிவு சேலம் ஜில்லா. 1937 அக்டோபர் 1 அன்று ராஜாஜி மதுவிலக்கை முதலில் தொடங்கியது அந்த ஜில்லாவில்தான். 1948க்குள் மாகாணம் முழுவதும் மதுக்கடைகளுக்குப் பூட்டு. 1971இல் திறந்தார்கள், 1974இல் மூடினார்கள். 1981இல் மறுபடி திறப்பு, 1987இல் மறுபடி பூட்டு. கீழே சட்டம் மாறிக்கொண்டே இருக்க, மேலே ஓடைக்கரைகளில் அடுப்பு எரிந்தது. 1976 வரை ஜாகிர்தார்கள் கையில் இருந்த மலை அது. ரோடு எட்டாத இடங்கள் ஏராளம். வெல்லம், கடுக்காய், மரப்பட்டை போட்டு பேரலில் ஊறல். குடலையும் குடும்பத்தையும் கெடுத்த சரக்குதான், நான் அதற்கு வக்காலத்து வாங்கவில்லை. ஆனால் வெல்ல ஊறலில் ஆளைக் கொல்லும் அளவுக்கு மெத்தனால் சேராது.

2024 ஜூனில் கள்ளக்குறிச்சியின் கருணாபுரத்தில் விற்ற பாக்கெட்டில் இருந்தது ஆலைகளுக்குப் போகவேண்டிய மெத்தனால். பேர் அதே 'பாக்கெட் சாராயம்'. விலை ஐம்பது, அறுபது ரூபாய். டாஸ்மாக்கில் அப்போது மலிவான குவார்ட்டரே 140. பழைய சரக்கின் முப்பது வருச நற்சான்றிதழைப் புதிய சரக்கின் மேல் ஒட்டிக்கொண்டு குடித்தார்கள். போதாததற்கு, அந்தச் சான்றிதழைத் தருகிறவர் எப்போதும் பிழைத்தவர்தான். 2001இல் பண்ருட்டிப் பக்கம் 50க்கும் மேற்பட்டோர் செத்தார்களே, அவர்களில் ஒருவரும் டீக்கடைக்கு வந்து பேசப்போவதில்லை.

குடித்துப் பார்த்துச் சோதிக்கும் பழக்கமும் இங்கே காலை வாரிவிடும். கெட்ட மீன் தின்றால் ராத்திரியே வயிறு சொல்லிவிடும். மெத்தனால் முதலில் போதைதான் தரும். ஈரல் அதை மெதுவாக ஃபார்மிக் அமிலமாக மாற்றி, கண் நரம்பைத் தாக்க அரை நாளோ ஒரு நாளோ ஆகும். கூடவே சாதாரணச் சாராயமும் கலந்திருந்தால் இன்னும் தாமதம். முப்பது மில்லி உயிரை எடுக்கலாம். ருசி பார்த்தவன் நன்றாக நடந்து வீட்டுக்குப் போவதைப் பார்த்து அடுத்தவன் வாங்குகிறான்.

ஜூன் 19இல் முதல் சாவுகள் விழுந்தபோது, சாராயம் காரணமில்லை என்றே அதிகாரிகள் தரப்பு முதலில் சொன்னது. இழவு வீட்டுக்கு வந்தவர்களும் அதே பாக்கெட்டைக் குடித்தார்கள். எண்ணிக்கை 65ஐத் தாண்டியது. முந்தைய ஆண்டு மே மாதம்தான் மரக்காணம் பக்கமும் செங்கல்பட்டிலும் இதே மெத்தனால் 20க்கும் மேற்பட்டோரைக் கொன்றிருந்தது. ஆனால் மரக்காணம் கடற்கரை, இது மலையடிவாரம். 'நம்ம சரக்கு மலைச்சரக்கு' என்ற நினைப்பு.

படித்தவர்களின் கணக்கும் இதைவிட மேலில்லை. மதுவிலக்குப் போலீஸ் சோதனை என்றால், மலையில் இத்தனை ஆயிரம் லிட்டர் ஊறல் அழிப்பு என்று செய்தி வரும். லிட்டர் கூடக்கூட வேலை நடக்கிறது என்று நாமும் நம்பினோம். கொட்டப்பட்டது வெல்லத் தண்ணீர். மெத்தனால் மலையில் காய்ச்சப்படவில்லை. கேனில் அடைத்து, சமவெளியிலிருந்து தார்ரோட்டில் வந்தது.