எரிந்த ஏடுகளும் மறைந்திருந்த முகமும்

இரும்புக்கை மாயாவியை என் வகுப்புத் தோழர்கள் பாடநூலுக்குள் மறைத்து வைத்துப் படித்த நாள்களிலும், சித்திரக் கதை என்றால் முகம் சுளித்தவன் நான். அண்மையில்தான் 1938-ஆம் ஆண்டின் முதல் சூப்பர்மேன் கதைகளைப் படிக்க நேர்ந்தது. நான் எதிர்பார்த்தது அங்கே இல்லை. அந்த வீரன் வேற்றுலக அரக்கரோடு போரிடவில்லை. மனைவியை அடிக்கும் கணவனைத் தடுக்கிறான். பாதுகாப்பற்ற சுரங்கத்தில் தொழிலாளரை இறக்கிவிட்டு விருந்து கொண்டாடும் முதலாளியை, விருந்தினரோடு அதே சுரங்கத்துக்குள் சிக்கவைத்துப் பாடம் புகட்டுகிறான்.

இக்கதையைப் படைத்த ஜெர்ரி சீகல், ஜோ ஷூஸ்டர் இருவரும் கிளீவ்லாந்து நகரில் வளர்ந்தவர்கள். யூதக் குடியேறிகளின் பிள்ளைகள். சீகலின் தந்தை 1932-இல் தம் கடையில் நடந்த திருட்டின்போது உயிரிழந்தார். துப்பாக்கிக் குண்டும் துளைக்காத மனிதனை அந்த மகன் கனவு கண்டதற்கு இத்துயரமும் ஒரு காரணமாயிருக்கலாம் என்பது என் ஊகம். அக்கனவின் உரிமை முழுவதையும் இருவரும் 130 டாலருக்கு விற்றுவிட்டனர். ஏழைக்காகப் போராடிய வீரனைப் படைத்தவர்கள் ஏழைகளாகவே முதுமை எய்தினர்; 1975-இல்தான் பதிப்பகம் அவர்களுக்கு ஆண்டுதோறும் உதவித்தொகை தர இசைந்தது.

கத்தோலிக்கராகிய நாம் நின்று எண்ணிப் பார்க்கவேண்டிய பகுதி இதற்குப் பின்னரே வருகிறது. போருக்குப் பிந்திய ஆண்டுகளில் கொலை, கொள்ளை, பேய்க் கதைகள் அமெரிக்கக் கடைகளில் பெருகின. அவற்றுள் பல உண்மையிலேயே அருவருப்பானவை. பெற்றோரின் அச்சத்தைப் பழிப்பதற்கில்லை. 1948 அக்டோபரில் மேற்கு விர்ஜீனியாவின் ஸ்பென்சர் நகரில் பள்ளி மாணவர்கள் சித்திரக் கதை நூல்களைக் குவித்துத் தீயிட்டனர். அதே ஆண்டு டிசம்பரில் நியூயார்க் மாநிலத்துப் பிங்காம்டன் நகரில், கத்தோலிக்கப் பள்ளி மாணவர்கள் வீடு வீடாகச் சென்று நூல்களைத் திரட்டி எரித்தனர். ஐரோப்பாவில் நாசிகள் நூல்களை எரித்து அப்போது பதினைந்தே ஆண்டுகள் ஆகியிருந்தன. அந்த நினைவு எவரையும் தடுக்கவில்லை என்பதே எனக்கு வியப்பு.

இந்த எதிர்ப்புக்கு அறிவியல் மதிப்பைத் தந்தவர் பிரெடெரிக் வெர்தாம் என்னும் மனநல மருத்துவர். அவரைத் தீயவர் என்று ஒதுக்க என்னால் இயலவில்லை. ஹார்லெம் பகுதியின் கறுப்பின ஏழைகளுக்காக 1946-இல் மருத்துவ நிலையம் தொடங்கியவர். பள்ளிகளில் நிலவிய இனப்பிரிவினைக்கு எதிராக நீதிமன்றத்தில் சான்று பகர்ந்தவர். எனினும் சித்திரக் கதைகளைக் கண்டித்து 1954-இல் அவர் வெளியிட்ட நூலில், சிறுவர்தம் வாக்குமூலங்களைத் தம் கருத்துக்கு ஏற்பத் திருத்தியும் சேர்த்தும் எழுதியிருந்தார். அவருடைய கையெழுத்துத் தாள்களை ஆய்ந்த கரோல் டில்லி 2012-இல் இதனை வெளிப்படுத்தினார்.

1954-இல் செனட் அவையின் குழு விசாரணை நடத்தியது. அஞ்சிய பதிப்பாளர்கள் தாமே ஓர் ஒழுக்க விதித்தொகுப்பை வகுத்துக்கொண்டனர். நன்மையே எப்போதும் வெல்லவேண்டும் என்பது அதன் விதிகளுள் ஒன்று. நல்ல விதிதான், ஆனால் அது எப்படிச் செயல்பட்டது என்பதற்கு ஒரு சான்று காட்டுவேன்.

‘தீர்ப்பு நாள்’ என்ற பொருள்படும் தலைப்பில் 1953-இல் ஒரு கற்பனைக் கதை வெளிவந்திருந்தது. பூமியிலிருந்து ஒரு விண்வெளி வீரர், எந்திர மனிதர் வாழும் கோள் ஒன்றை ஆராயச் செல்கிறார். அங்கே ஆரஞ்சு நிறத்தார் உயர்ந்தோர், நீல நிறத்தார் தாழ்ந்தோர். உள்ளுறுப்புகளில் வேற்றுமை எதுவும் இல்லை. விண்மீன் குடியரசில் சேர இக்கோளுக்கு இன்னும் தகுதி வரவில்லை என்று அறிவித்துவிட்டு அவர் திரும்புகிறார். இறுதிப் படத்தில் தலைக்கவசத்தைக் கழற்றும்போதுதான் அவர் கறுப்பினத்தவர் என்று தெரிகிறது. இதனை மறுபதிப்பாக வெளியிட முயன்றபோது, விதிக்காவலர் அந்த முகத்தை மாற்றச் சொன்னார்! பதிப்பாளர் வில்லியம் கெய்ன்ஸ் பணிய மறுத்து, 1956-இல் அப்படியே வெளியிட்டார். சாதியால் பிரிந்த இருக்கைகளையும் கல்லறைகளையும் அறிந்த நமக்கு, அந்த ஆரஞ்சும் நீலமும் அயலான நிறங்கள் அல்ல.

நம்மவர் எரித்தது மட்டுமே வரலாறு என்றால் நான் இக்கட்டுரையை எழுதியிருக்கமாட்டேன். 1946 முதல் 1972 வரை, அமெரிக்கக் கத்தோலிக்கப் பள்ளிகளின் வழியே ‘டிரஷர் செஸ்ட்’ என்னும் சித்திரக் கதை இதழ் சிறுவர்களைச் சென்றடைந்தது. புனிதர் வரலாறுகளும் நல்லுரைகளும் நிறைந்த இதழ். உள்ளதைச் சொன்னால், சில பக்கங்கள் சலிப்பூட்டுபவையே. ஆனால் 1964-இல் அதில் ஒரு தொடர் வந்தது. பெர்ரி ரீஸ் எழுத, ஜோ சின்னாட் வரைந்தார். பின்னாளில் ‘ஃபென்டாஸ்டிக் ஃபோர்’ வீரர்களின் படங்களுக்கு நெடுங்காலம் மைதீட்டிப் புகழ்பெற்ற அதே சின்னாட்தான்.

கதை 1976-ஆம் ஆண்டில் நடப்பது. பெட்டிக்ரூ என்னும் ஆளுநர், குடியரசுத் தலைவர் பதவிக்கான வேட்பாளராகக் கட்சியிடம் ஆதரவு தேடுகிறார். அவரது நேர்மையையும் துணிவையும் சிறுவர்கள் இதழ்தோறும் அறிகின்றனர். முகத்தை மட்டும் காண்பதில்லை. ஒரு தூண், ஒருவருடைய தோள், ஒரு நிழல் என்று ஏதோவொன்று மறைத்துக்கொண்டே வருகிறது. கடைசிப் பக்கத்தில் முகம் தெரிகிறது: பெட்டிக்ரூ கறுப்பினத்தவர். இன ஒதுக்கலைத் தடை செய்த குடியுரிமைச் சட்டம் அந்த ஆண்டு ஜூலையில்தான் நிறைவேறியது. இத்தொடரோ அதற்கு முன்பே தொடங்கிவிட்டது. கட்சியின் வேட்பாளராக அவர் ஏற்கப்படுவதோடு கதை நிற்கிறது; தேர்தலில் வென்றாரா என்பதை அது சொல்லவில்லை. அதைப் படித்த ஒன்பது வயதுச் சிறுவனுக்கு 1976-இல் இருபத்தொரு வயது ஆகியிருக்கும்.