ஆர்எக்ஸ்-78-2: ஜெயிக்கச் செய்ததா, டேட்டா எடுக்கச் செய்ததா?

ஜப்பானிய அனிமே ரோபோக்களில் ஒரே ஒன்றின் பெயரை விட மாடல் நம்பர்தான் எனக்கு முதலில் ஞாபகம் வரும்: ஆர்எக்ஸ்-78-2. பெயர் கண்டம். (தமிழில் எழுதினால் ஆபத்து என்று அர்த்தம் வருது. ரொம்பத் தப்பும் இல்லை.) 1979 ஏப்ரலில் ஒளிபரப்பு தொடங்கிய 'மொபைல் சூட் கண்டம்' தொடரில் வரும் 18 மீட்டர் உயரப் போர் இயந்திரம். இயக்கம் யோஷியுகி தோமினோ, இயந்திர வடிவமைப்பு குனியோ ஒகாவாரா.

மாடல் நம்பருக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம்? 1972-ல் வந்த மஜிங்கர் இசட்டைப் பாருங்க. விஞ்ஞானி தாத்தா பேரனுக்கு விட்டுப்போன ஒற்றை ரோபோ அது, கிட்டத்தட்ட சாமி கொடுத்த வேல் மாதிரி. கண்டம் அப்படியில்லை. அது ராணுவத்தின் ஒரு ப்ராஜெக்ட். எதிரி நாடான ஜியோன் ஏற்கெனவே ஜாக்கு இயந்திரங்களை வரிசையாகத் தயாரித்துக் களத்தில் இறக்கிவிட்டது. தாமதமாக விழித்த பூமிக் கூட்டமைப்பு 'வி திட்டம்' என்று தொடங்கிச் செய்த ப்ரோட்டோடைப்களில் ஒன்று இது. பின்னால் வரவேண்டிய மலிவான ப்ரொடக்‌ஷன் மாடல், ஜிம்.

எங்க தொழிலில் ப்ரோட்டோடைப் என்றால் தட்டினால் விழுவது. வாடிக்கையாளருக்குப் போவதுதான் உறுதியானது. இங்கே தலைகீழ். ப்ரோட்டோடைப் அசகாய சூரன், ஜிம் கூட்டம் கூட்டமாகச் செத்து விழும். ரசிகர்கள் இதை வைத்துக் கேலி பண்ணுவாங்க. எனக்கு இது சரியான கணக்காகவே படுது. கண்டம் ஜெயிப்பதற்காக மட்டும் செய்யப்பட்டதல்ல, டேட்டா எடுப்பதற்காகவும்தான்.

இரண்டு பாகங்களைக் கவனிங்க. ஒன்று, சண்டை போடப்போடக் கற்றுக்கொள்ளும் கம்ப்யூட்டர். இன்னொன்று, வயிற்றுக்குள் காக்பிட்டாக மடங்கி உட்காரும் 'கோர் ஃபைட்டர்' என்ற குட்டி விமானம். உடம்பு போனாலும் பைலட்டும் பதிவுகளும் திரும்பி வரணும். கடைசிப் போரில் அதுதான் நடக்கிறது. தலையும் இடது கையும் போன இயந்திரம் அங்கேயே கிடக்க, பைலட் அந்த விமானத்தில் தப்பிக்கிறான். (பொம்மை விற்கவும் இந்த மடிப்பு வசதிதான்.) ஆனால் ஜிம்மில் கோர் ஃபைட்டரே கிடையாது. டேட்டா கிடைத்தாச்சு, இனி பைலட் திரும்பி வருவது செலவுக் கணக்கில் அடிபட்டுப்போன ஒரு ஐட்டம்.

அந்த டேட்டா யாருடையது? அமுரோ ரே, வயசு 15. அவன் அப்பா டெம் ரேதான் கண்டத்தை உருவாக்கிய எஞ்சினியர். முதல் அத்தியாயத்தில் அவர் 19 வயது அதிகாரி ஒருவனிடம் சொல்வது இதுதான்: கண்டம் மொத்தமாகத் தயாரானால் உன்னை மாதிரிப் பிள்ளைகள் சண்டைக்குப் போகாமலேயே போர் முடிந்துவிடும். அதே அத்தியாயத்தில் அவர் பையன் கையேட்டைப் புரட்டியபடி காக்பிட்டில் ஏறுகிறான். அவன் வெட்டிய ஜாக்கு வெடித்து விண்வெளிக் குடியிருப்பின் சுவரில் ஓட்டை விழ, அப்பா அதன் வழியே வெளியே இழுத்துச் செல்லப்படுகிறார்.

43 அத்தியாயத்தோடு சுருக்கப்பட்ட தொடரில் அவர் மறுபடி வருவது சைட் 6-ல். ஆக்ஸிஜன் குறைந்து மூளை கலங்கியிருக்கிறது. கண்டத்தில் மாட்டினால் பலம் கூடும் என்று ஒரு பாகத்தை மகன் கையில் கொடுக்கிறார். காலாவதியான சரக்கு. மகனின் வேகத்துக்கு அந்த இயந்திரமே ஈடுகொடுக்க முடியாமல் போகும் நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. வெளியே வந்ததும் அமுரோ அதைத் தெருவில் வீசி எறிகிறான்.