சுப்பிரமணியபுரம் (திரைப்படம்)

மதுரையின் தென்பகுதியில், ஜெய்ஹிந்த்புரத்தை அடுத்த குடியிருப்பு சுப்பிரமணியபுரம். அதன் பெயரைத் தாங்கி 2008 ஜூலை 4 அன்று வெளிவந்த தமிழ்ப்படம், 28 ஆண்டுகளுக்கு முந்தைய மதுரையைத் திரையில் எழுப்பிக் காட்டியது. எழுதி, இயக்கி, தயாரித்து, பரமனாக நடித்தவர் எம். சசிகுமார். பாலாவிடமும் அமீரிடமும் தொழில் பழகியவர். இயக்குநராக அவருக்கு இதுவே முதல் படம்.

மதுரைக்கும் சினிமாவுக்கும் உள்ள உறவு பழையது. 1937-இல் தியாகராஜ பாகவதர் நடித்த 'சிந்தாமணி'யைத் தயாரித்தது மதுரை நிறுவனம்தான்; அந்த லாபத்தில் எழுந்த தியேட்டருக்குச் சிந்தாமணி என்றே பெயர் வைத்தார்கள். 1952 தீபாவளிக்குத் தங்கம் தியேட்டர் 'பராசக்தி'யோடு திறந்தது. இப்படிப் படம் பார்த்தே வளர்ந்த ஊர், 2000-க்குப் பிறகு வந்த பல படங்களில் அரிவாளும் டாடா சுமோவுமாகச் சுருங்கிப்போயிருந்தது.

சசிகுமார் எடுத்துக்கொண்ட 1980, கதைக்குப் பொருத்தமான ஆண்டு. ஆட்சி கலைக்கப்பட்ட எம்.ஜி.ஆர்., அந்த ஆண்டுத் தேர்தலில் மதுரை மேற்குத் தொகுதியில் நின்று வென்று மீண்டும் முதல்வரானார். தெருவுக்குத் தெரு கட்சிக்காரர்கள் செல்வாக்கோடு திரிந்த காலம். படத்திலும் கட்சிப் பதவி ஒன்றுதான் கொலை வரைக்கும் இழுத்துப்போகிறது.

ஆனால் ரசிகர்கள் முதலில் மயங்கியது காதலில். அழகராக ஜெய், துளசியாக சுவாதி. பெல்பாட்டமும் பரட்டை முடியுமாக அவன்; தாவணியில் அவள். இருவரும் பேசிக்கொள்வது குறைவு, பார்த்துக்கொள்வதே அதிகம். 1980-இல் வந்த 'கல்லுக்குள் ஈரம்' படத்தின் இளையராஜா பாட்டு அந்தப் பார்வைகளுக்குப் பின்னால் ஒலிக்கிறது. 'முரட்டுக்காளை' ஓடும் தியேட்டரில் அழகர், பரமன் முதலிய நண்பர்கள் ஆடித் தீர்க்கிறார்கள். ஜேம்ஸ் வசந்தன் இசையமைத்த முதல் படமும் இதுதான். தாமரை எழுதி, பெள்ளிராஜும் தீபா மிரியமும் பாடிய 'கண்கள் இரண்டால்' ஊரெங்கும் ஒலித்தது. எஸ். ஆர். கதிரின் ஒளிப்பதிவும் ரெம்போனின் கலை இயக்கமும் சேர்ந்து சுவர் விளம்பரம், சட்டைக் காலர் வரைக்கும் அந்தக் காலத்தைக் கொண்டுவந்தன.

இவ்வளவு ஆசையாகக் கட்டிய காலத்தைப் படம் பொற்காலம் என்று போற்றவில்லை. இதன் பெருமையே அங்குதான் இருக்கிறது. துளசியின் சித்தப்பா கனகு (சமுத்திரக்கனி) நண்பர்களைக் கொலைக்குத் தூண்டிவிட்டுக் கைவிடுகிறார். அழகரைச் சாவுக்கு அழைத்து வருவது துளசியே. பரமனைக் காட்டிக்கொடுப்பவன் கூடவே திரிந்த காசி. தொடக்கத்தில் இனித்த அதே தெருக்கள் பிற்பாதியில் அச்சுறுத்துகின்றன. பழைய நாள் ஏக்கத்தை வைத்து வந்த 'அழகி' (2002), 'ஆட்டோகிராப்' (2004), '96' (2018) ஆகியவை நெஞ்சைக் கனக்கச் செய்து அனுப்பும். இந்தப் படம் அந்த ஏக்கத்தையே கேள்வி கேட்கிறது.

அதற்குப் பின் மதுரைப் படங்கள் வரிசைகட்டின. பெரும்பாலானவை ரத்தத்தை எடுத்துக்கொண்டு, 1980-ஐ நுணுக்கமாகச் செதுக்கிய உழைப்பை விட்டுவிட்டன. சுப்பிரமணியபுரம் தெலுங்கில் 'அனந்தபுரம் 1980' என்று மொழிமாற்றம் பெற்றது. கன்னடத்தில் 'பிரேம் அட்டா' (2012) ஆனது. அதே 2012-இல் வெளிவந்த 'கேங்ஸ் ஆஃப் வாசேப்பூர்' இந்திப் படத்தின் தொடக்கத்தில், தன் வேர்களுக்குத் திரும்பத் தூண்டியவர்கள் என்று பாலா, அமீர், சசிகுமார் மூவருக்கும் இயக்குநர் அனுராக் காஷ்யப் நன்றி தெரிவித்தார்.