ரயில்வே ஜெர்சியில் ஒரு சென்னைப் பெண்

2017 ஜூலை, பெங்களூரு கண்டீரவா உள்ளரங்கம். மகளிர் ஆசியக் கோப்பை கூடைப்பந்து, ‘பி’ பிரிவு இறுதிப் போட்டி. 75–73 என்று இரண்டே புள்ளியில் கஜகஸ்தானைச் சாய்த்து ‘ஏ’ பிரிவுக்கு ஏறியது இந்தியா. அந்த அணியில் 32 வயது அனிதா பால்துரையும் இருந்தார். தாயான பிறகு மீண்டும் களம் கண்டவர் அவர்.

1920-இல் ஹாரி பக் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கியதைச் சென்ற வாரம் பார்த்தோம். அப்படி வளர்ந்த விளையாட்டு நகரம் இது. ஆனாலும் பட்டம் வாங்கிய கையோடு பந்தைக் கீழே வைத்துவிட்ட பெண்கள் எத்தனையோ பேர். அனிதா வைக்கவில்லை. பள்ளியில் தடகளம், வாலிபால் என்று தொடங்கி கூடைப்பந்துக்கு வந்தவர், சென்னைப் பல்கலைக்கழகத்தில் பி.காம். முடித்தார். 19 வயதில் இந்திய அணிக்கே கேப்டன்!

திறமை மட்டும் இருந்தால் இத்தனை காலம் ஆடிவிட முடியாது. அமெரிக்காவில் கல்லூரி ஆட்டக்காரிக்கு 1997 முதல் டபிள்யூ.என்.பி.ஏ. என்ற தொழில்முறை லீக் உண்டு. நம் பெண்களுக்கு இருந்த வழி, விளையாட்டு வீரர்களுக்கென அரசு நிறுவனங்கள் ஒதுக்கும் ‘ஸ்போர்ட்ஸ் கோட்டா’ வேலைதான். அம்பத்தூர், ஆவடி வழியாக மின்சார ரயில் ஓட்டும் அதே தெற்கு ரயில்வேதான் அனிதாவுக்கு வேலை கொடுத்தது. மாதச் சம்பளம், பயிற்சி முகாமுக்குப் போக விடுப்பு, கூட ஆட நாட்டின் வலுவான வீராங்கனைகள் எல்லாம் அங்கே கிடைத்தன. ஒரே ஒரு சங்கடம்: தேசியப் போட்டிகளில் ரயில்வே தனி அணி. சொந்த மாநிலம் எதிரே நின்றால் அதற்கு எதிராகவும் ஆடத்தான் வேண்டும். அப்படி ஆடிய பெண்களை யாரும் குறை சொல்லக் கூடாது. படிப்பு முடிந்த பிறகும் அவர்களை ஆட வைத்தது அந்த வேலைதான்.

2000 முதல் 2017 வரை 18 ஆண்டுகள் இந்திய ஜெர்சி அணிந்தார் அனிதா. எட்டு ஆண்டுகள் கேப்டனாக இருந்தார். ஒன்பது ஆசிய சாம்பியன்ஷிப்களில் ஆடினார். 2013-இல் தோஹாவில் மூவர் அணி ஆட்டத்தில் தங்கமும் வென்றார். பத்மஸ்ரீ வந்தது 2021-இல்தான். ஆடிய காலத்திலேயே அது வந்திருக்க வேண்டும்.

இதே தெற்கு ரயில்வேயில் அவரோடு ஆடிய கீத்து அன்னா ஜோஸ், 2011-இல் டபிள்யூ.என்.பி.ஏ. தேர்வுக்காக அமெரிக்கா போனார். அந்தக் கதை அடுத்த வாரம்.