விளையாட்டை ஆக்கியோர் யார்?

வீடியோ விளையாட்டு என்றவுடன் அதில் மூழ்கியிருக்கும் பிள்ளைகளின் முகமே பெரியோருக்கு நினைவில் எழுகிறது. அதனை ஆக்கியோரை எண்ணுவார் சிலரே. நாடகத்துக்கு ஆசிரியன், நடிகன், இசைவாணன், திரை தீட்டுவோன் எனப் பலர் வேண்டப்படுவதுபோல இதற்கும் பலர் வேண்டும். ஆட்டத்தின் விதிகளை வகுப்பவர் ஒருவர். அவற்றைக் கணினிக்கு விளங்கும் கட்டளைகளாக எழுதும் நிரலாளர் வேறொருவர். உருவங்களை வரைபவர், இசையமைப்பவர், பிழை காணும்வரை திரும்பத் திரும்ப ஆடிப் பார்க்கும் சோதனையாளர் என இத்தொழில்கள் இன்று பெருகிவிட்டன. ஆனால் அவை ஒரே நாளிற் பிரிந்தவையல்ல.

1962ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மசாச்சூசெற்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ‘ஸ்பேஸ்வார்’ என்னும் விளையாட்டு உருவாயிற்று. இரு விண்கலங்கள் ஒன்றையொன்று சுட்டுப் பொருதுவதே அதன் பொருள். முதன்மையான நிரலை எழுதியவர் ஸ்டீவ் றசல். பின்னணியில் விண்மீன்களை வானத்தில் உள்ளவாறே அமைத்தவர் பீற்றர் சாம்சன். நடுவிலுள்ள விண்மீனுக்கு ஈர்ப்புவிசை அளித்தவர் டான் எட்வேட்ஸ். ஆடுவோர் கையாளும் பெட்டிகளை வேறிருவர் செய்தனர். யாரும் பணித்துப் பங்கிட்ட வேலையன்று அது. அவரவர் ஆர்வம் சென்ற வழியே வேலையும் பிரிந்தது.

வணிகம் புகுந்ததும் நிலை மாறியது. 1970களின் பிற்பகுதியில், வீட்டுத் தொலைக்காட்சியில் ஆடுதற்கென அட்டாரி நிறுவனம் வெளியிட்ட விளையாட்டுக்களைப் பெரும்பாலும் தனியொருவரே ஆக்கினார். கற்பனை, ஓவியம், ஒலி, நிரல் யாவும் அவர் பொறுப்பு. அக்கருவியின் வேலை நினைவகமோ வெறும் 128 பைற். நூற்றிருபத்தெட்டு ஆங்கில எழுத்துக்களுக்கே அதில் இடமுண்டு. இத்துணை நெருக்கடியில் உழைத்தவரின் பெயர் பெட்டியின்மீது அச்சிடப்படவில்லை. நூலை விற்று ஆசிரியன் பெயரை மறைப்பதற்கு ஒப்பானது இது.

வொரன் றொபினெற் என்னும் நிரலாளர் இதற்கு விநோதமான மறுமொழி அளித்தார். தாம் ஆக்கிய ‘அட்வென்ச்சர்’ விளையாட்டினுள் ஓர் இரகசிய அறையை அமைத்தார். சுற்றுவழி ஒன்றில், கண்ணுக்கு எளிதிற் புலப்படாத சிறு சாம்பல்நிறப் புள்ளி கிடக்கும். அதனை எடுத்து உரிய இடத்துக்குக் கொண்டு சென்றால் வழி திறக்கும். உள்ளே, இதனை ஆக்கியவர் வொரன் றொபினெற் என்ற எழுத்துக்கள் ஒளிரும். நிறுவனத்தை விட்டு நீங்கும்போதும் அவர் இதை மேலாளர்க்கு உரைக்கவில்லை. பின்னர் ஒரு சிறுவன் அறையைக் கண்டுபிடித்துக் கடிதம் எழுதியபோதே செய்தி வெளியாயிற்று. நிறுவனம் அதனை நீக்காமல் விட்டது. அத்தகைய மறைபொருட்களுக்கு ‘ஈஸ்டர் முட்டை’ என்ற பெயரும் நிலைத்தது.

வேறு நால்வரோ ஒளித்து வைக்க விரும்பவில்லை. அவர்கள் அட்டாரியை விட்டு விலகி, 1979இல் அக்டிவிஷன் நிறுவனத்தைத் தோற்றுவிப்பதிற் பங்குகொண்டனர். அங்கே ஆக்கியோன் பெயர் பெட்டியிலேயே இடம்பெற்றது.

1981இல் யப்பானின் நின்டெண்டோ நிறுவனம் வெளியிட்ட ‘டொங்கி கொங்’ மற்றொரு பிரிவை வெளிப்படுத்தியது. அதனைக் கற்பனை செய்த ஷிகேரு மியாமொற்றோ வடிவமைப்புக் கலை பயின்றவர், நிரலாளரல்லர். நிரலை எழுதியோர் இக்கெகாமி என்னும் வேறொரு நிறுவனத்தின் பொறியியலாளர். அந்நிரல் யாருக்கு உரியது என்ற வழக்கு 1983இல் நீதிமன்றம் சென்று, 1990இல் இணக்கமாக முடிந்தது. மியாமொற்றோவின் பெயரை உலகறியும். அப்பொறியியலாளரின் பெயர்களை அறிந்தோர் மிகச் சிலரே.