கார்பன் வெளிச்சமும் ழான் மோரோவும்

டூரிங் கொட்டகையைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் மணலைக் குவித்து உட்கார்ந்ததைத்தான் எழுதுகிறார்கள். நான் மணலில் உட்கார்ந்தவன் இல்லை. கடத்தூர்ப் பக்கத்துக் கொட்டகை ஒன்றில், பள்ளிக்கூடம் விட்டதும் ஆபரேட்டருக்கு எடுபிடி வேலை. அதனால் என் சினிமா ஞாபகம் முழுக்க வெளிச்சத்தைப் பற்றியது.

அந்தக் காலத்து புரொஜெக்டரில் பல்பு கிடையாது. இரண்டு கார்பன் குச்சிகளை நுனிக்கு நுனி நெருக்கிப் பிடித்தால் நடுவில் தீப்பொறி வளைந்து எரியும். அதுதான் விளக்கு. குச்சி எரிய எரிய இடைவெளி கூடும், திரை மஞ்சளடிக்கும், வெளியே விசில் பறக்கும். ஆபரேட்டர் அண்ணன் திருகைத் திருகிக்கொண்டே, "மூஞ்சி தெரியணும்டா, மத்தது போனா போகுது" என்பார். வெளிச்சம் குறைந்தால் முதலில் காணாமல் போவது மரமோ மாளிகையோ அல்ல, முகத்தில் இருக்கும் கண். படப்பெட்டியும் எங்களுக்குப் புதிதாக வராது. விநியோகக் கணக்கில் நாங்கள் சேலம் ஏரியா. தர்மபுரி 1965-லேயே தனி மாவட்டமாகிவிட்டாலும் சினிமாக்காரர்களுக்கு நாங்கள் சேலம்தான். பெரிய ஊர்த் தியேட்டர்களில் எல்லாம் ஓடித் தேய்ந்து, கோடு விழுந்து, 'மழை' பெய்த பிறகுதான் பிரிண்ட் எங்கள் கைக்கு வரும்.

இந்தக் கொட்டகைத் தொழிலே ஒரு பிரெஞ்சுக்காரரிடமிருந்து கைமாறி வந்ததுதான். 1905-ல் திருச்சியில் ரயில்வே ஊழியராக இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், படம் காட்டித் திரிந்த டூபான் என்பவரிடமிருந்து கருவியையும் படச்சுருள்களையும் இரண்டாயிரம் ரூபாய்க்கு மேல் கொடுத்து வாங்கினார். வேலையை விட்டுவிட்டு ஊர் ஊராகக் கூடாரம் போட்டார். பிறகு கோயம்புத்தூரில் வெரைட்டி ஹால் கட்டினார். எங்கள் ஊர்க் கொட்டகை அந்த வம்சத்தின் கடைசிப் பேரன்களில் ஒன்று.

பிரெஞ்சுப் படம் என்று ஒன்றை நான் பார்த்தது மதராசில் படிக்கப் போன பிறகு, ஒரு ஃபிலிம் சொசைட்டியின் 16 எம்.எம். திரையிடலில். லூயி மால் எடுத்த 'தூக்குமேடைக்கு லிஃப்ட்'. 1958-ல் வெளிவந்தது. கதாநாயகி ழான் மோரோவின் காதலன் அவளுடைய கணவனைக் கொன்றுவிட்டு லிஃப்டில் சிக்கிக்கொள்கிறான். அவன் ஏமாற்றிவிட்டான் என்று நினைத்து இவள் ராத்திரி முழுக்க பாரிஸ் தெருக்களில் நடக்கிறாள். வேறொன்றும் செய்யவில்லை, நடக்கிறாள். என்னால் உட்கார முடியவில்லை. முகத்தில் விளக்கே போடவில்லையே, எந்த ஆபரேட்டர் இதை ஓட்டுவான் என்றுதான் முதலில் தோன்றியது.

விளக்கு உண்மையிலேயே போடவில்லை. ஒளிப்பதிவாளர் ஆன்ரி தெக்கே, குறைந்த வெளிச்சத்திலும் பதியும் டிரை-எக்ஸ் ஃபிலிமைப் போட்டு, கேமராவைக் குழந்தைத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டே, ஷான்ஸெலிஸே கடைகளின் வெளிச்சத்தில் மட்டும் எடுத்தார். மோரோ முகத்தில் மேக்கப் இல்லை. கண்ணுக்குக் கீழே கருவளையம், கீழ்நோக்கி இறங்கிய உதடு, எல்லாம் அப்படியே. லேபில் சுருளைக் கழுவியவர்கள் பதறிப்போய், அந்த அம்மாவின் பிழைப்பையே கெடுக்கிறார்கள் என்று தயாரிப்பாளரிடம் முறையிட்டார்களாம். அதற்கு முன்னாலும் மோரோ பல படங்களில் நடித்தவர்தான். கொமேதி பிரான்ஸேஸ் நாடகக் குழுவில் இருபது வயதுக்காரியாகச் சேர்ந்து மேடையில் பேர் வாங்கியவர். ஆனால் அவர் திரைக்கு ஏற்ற முகமில்லை என்று சொல்லி, பூசிப் பூசியே எடுத்திருந்தார்கள். படத்துக்கு இசை மைல்ஸ் டேவிஸ். 1957 டிசம்பரில், காட்சிகளைத் திரையில் பார்த்துக்கொண்டே ஒரே ராத்திரியில் ஊதிக் கொடுத்தது.

பத்து வருஷம் கழித்து, 1968-ல், அதே லூயி மால் மதராசில் இருந்தார். 'மாய இந்தியா' என்ற ஏழு பாகத் தொலைக்காட்சிப் படத்துக்காக மயிலாப்பூர்த் தேரை எடுத்தார், கலாக்ஷேத்ராவை எடுத்தார், 'தில்லானா மோகனாம்பாள்' படப்பிடிப்பையும் எடுத்தார். அதில் பத்மினிதான் நாயகி. எனக்கு இதில் ஒரு மனத்தாங்கல் உண்டு. மோரோவின் முகத்தில் இருந்த பூச்சை எடுத்துவிட்டுப் பார்க்கத் தெரிந்த மனுஷன், பத்மினிக்கு முன்னால் நின்றபோது செட்டையும் விளக்கையும்தான் வேடிக்கை பார்த்தார்.

அவர் நம் ஊர்க் கொட்டகைக்கு வந்திருந்தால் புரிந்திருக்கும். முகத்தில் அத்தனை பூச்சும், கண்ணில் அத்தனை மையும், அடிக்கிற விளக்கும் வெறும் ரசனைக் கோளாறு இல்லை என்பது என் கணிப்பு. மழை பெய்த பிரிண்ட்டிலும், மங்கிய கார்பனிலும், தரை டிக்கெட்டின் கடைசி ஆளுக்கும் பத்மினியின் கண் தெரிந்தது. மோரோவின் அந்த ராத்திரி நடையை எங்கள் திரையில் போட்டிருந்தால் கறுப்புத்தான் தெரிந்திருக்கும்.

நம் ஊர் முகத்தைப் பார்ப்பதில், இன்னொரு பிரெஞ்சு இயக்குநரான ழான் ரெனுவார் மாலைவிட நல்ல கண்ணுள்ளவர். 'நதி' படத்துக்காக வங்காளத்துக்கு வந்தபோது, அடையாறில் வளர்ந்த பரதநாட்டியக் கலைஞர் ராதாவை, பின்னாளில் பிரம்மஞான சபைத் தலைவரான ராதா பர்னியரை, நடிக்க வைத்தார். அதே ரெனுவார் தன் கடைசிப் படத்தில் மோரோவை நிற்க வைத்து ஒரு பாட்டுப் பாடச் சொன்னார். கதை கிடையாது, மோரோ பாடுவார், அவ்வளவுதான். அந்தச் சில நிமிஷங்களுக்காக முழுப் படத்தையும் பொறுத்துக்கொள்ளலாம்.

மோரோ 1960-ல் கான் விழாவில் சிறந்த நடிகை விருது வாங்கினார், 1976-ல் 'லூமியேர்' என்று நடிகைகளைப் பற்றிய படத்தைத் தானே இயக்கினார், 2017-ல் காலமானார். விருதுகளைச் சொல்லி எனக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. எங்கள் கொட்டகையில் அவர் படம் ஒன்றை ஓட்டு என்று அன்றைக்கு யாராவது சொல்லியிருந்தால், நான் த்ரூஃபோவின் 'ஜூல் எ ஜிம்' படத்தைத்தான் கேட்டிருப்பேன். ஆம்பிளை உடுப்புப் போட்டு, மீசை வரைந்துகொண்டு, பாலத்தில் இரண்டு ஆண்களை முந்திக்கொண்டு ஓடுவார். பட்டப்பகல் வெளிச்சம்; எங்கள் கார்பனுக்கும் அது தாங்கும். ஒரே சிக்கல், 1962-ல் வந்த அந்தப் படம் அகலத்திரைப் படம். தமிழில் 'ராஜராஜ சோழன்' வந்த 1973 வரை சினிமாஸ்கோப்பே கிடையாது, எங்களிடம் அதற்கான லென்ஸும் இல்லை. அது இல்லாமல் ஓட்டினால் மோரோ பனைமரம்போல ஒல்லியாக நீண்டுவிடுவார். சேலத்தில் எங்காவது லென்ஸை வாடகைக்குத்தான் தேடியிருக்க வேண்டும்.